வருகைப் பதிவில் முதல் பெயர்

எங்கள் வட்டத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும், கோயில் கூடத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிறவள் நான்தான். கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு கோழிக்கால் சாப்பாட்டுப் பொட்டலம். “யுவேஷியா இல்லாம கூட்டமே நடக்காது” என்பார் வட்டத் தலைவர் சியூ. அதைக் கேட்டுப் பதினொரு வருஷமாகப் பூரித்துப்போயிருக்கிறேன், புத்தி கெட்டவள்.

லியாவ் குன்-சாய் எங்கள் சந்தில் ஏழாம் எண் வீட்டுக்காரர். பட்டாசுக் கிடங்கு வெடித்ததில் இருபத்து மூன்று வயதில் இரண்டு கண்ணும் போயின. பிறகு மசாஜ் படித்து, முப்பது வருஷத்துக்கு மேலாக ரயில் நிலையத்தில் பயணிகளின் தோளும் கழுத்தும் பிடித்துவிட்டுப் பிழைத்தார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

காலை எட்டு மணிக்கு வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு சந்து முனை பஸ் நிறுத்தத்துக்குத் தனியாகப் போவார். சந்தின் இரண்டு ஓரத்திலும் கார், ஸ்கூட்டர், அடுத்தவன் வண்டி வந்து நிற்காமல் இடம்பிடிக்க வைத்த பூந்தொட்டிகள். கண் தெரியாத மனுஷன் நடுத்தெருவில்தான் நடந்தாக வேண்டும். இரண்டு தடவை ஸ்கூட்டர் இடித்தது. இரண்டாம் தடவை மணிக்கட்டு முறிந்து நாலு மாதம் வீட்டில் கிடந்தார். “இன்னொரு தரம் இந்தக் கை போச்சுன்னா என்னை ஹோம்ல கொண்டு போய்ப் போட்டுருவாங்க” என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நகரப் போக்குவரத்துத் துறை ஒரு வழிகாட்டு நெறியின் வரைவை வெளியிட்டு, மக்கள் இருபது நாளுக்குள் கருத்துச் சொல்லலாம் என்றது. நான் வாசித்துக் காட்டினேன். ஆறாவது விதி: குறுகிய சந்துகளில் ஒரு ஓரம் பச்சைப் பட்டை அடிக்கப்படும், அது நடப்பவர்களுக்கு, அதன்மேல் வண்டி நிறுத்தக் கூடாது. மாஸ்டர் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி மனப்பாடமே செய்துவிட்டார். கருத்தைப் பதிவு செய்ய இணையத்தில் போனால் அங்கே ஒரு முட்டுக்கட்டை.

“என்ன கேக்குது?”

“படத்துல கோணல்மாணலா எழுத்து இருக்கு மாஸ்டர். பாத்து அடிக்கணுமாம். நீங்க மிஷின் இல்ல, மனுஷன்தான்னு தெரிஞ்சுக்கவாம்.”

“கண்ணு தெரிஞ்சாத்தான் மனுஷனாமா?”

“நான் அடிச்சுக் குடுக்கறேனே.”

“வேணாம். நேர்லயே போயி காட்டிட்டு வரேன், மனுஷன்தான்னு.”

வரைவைப் பற்றிக் கருத்துக் கேட்கத் துறை எங்கள் கோயில் கூடத்தில் வைத்த கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்தார். நான் அவர் கையைப் பிடித்துப் பேனாவைக் கோட்டின்மேல் வைத்தேன்.

“எதுக்கு இந்தக் கையெழுத்து?”

“சோத்துக்குத்தான் மாஸ்டர். பொட்டலக் கணக்கு சரியா இருக்கணும்ல.”

“அப்ப பெரிய காலா பாத்து எடுத்து வை” என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

கார் வைத்திருப்பவர்கள் கத்தினார்கள். மாஸ்டர் எழுந்து, தன் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை எத்தனை எட்டு எடுத்து வைக்க வேண்டும், எந்தெந்த எட்டில் என்ன மோதும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். துறையிலிருந்து வந்த இளம் பொறியாளர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது. குடியிருப்போர் விருப்பப்படி ஆறாவது விதி திருத்தப்படுகிறதாம். முக்கால் பங்கு வீடுகள் சம்மதித்தால் மட்டுமே பச்சைப் பட்டை. வந்திருந்த நாற்பத்தாறு பேரும் இதற்கு உடன்பட்டனர், கையெழுத்துகள் இணைக்கப்பட்டுள்ளன. சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைப்பது என்பார்களே, இங்கே கோழிக்கால் சோற்றிலேயே மறைத்துவிட்டார்கள்.

“முதல் பேரு யாரோடது?” என்று கேட்டார் மாஸ்டர்.

“உங்களோடது.”

“கையைப் புடிச்சு வெச்சது நீதானே, யுவேஷியா.”

அதட்டிக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முடிவெடுக்கும் முன் இன்னொரு கூட்டம் வைத்தார்கள். “கையெழுத்தும் கெடையாது, சாப்பாடும் வேணாம்” என்று மாஸ்டர் என் மேசையைத் தாண்டிப் போனார். முன்னைவிட நன்றாகப் பேசினார். குறிப்பு வந்தபோது அதில் அவர் பேசியது ஒரு வரிகூட இல்லை. துறைக்குப் போன் போட்டேன்.

“அம்மா, வருகைப் பதிவுல பேரு இல்லாதவர் பேசினதை எப்படிங்க சேக்கறது? அவர் வந்ததாவே கணக்கு இல்லையே.” மரியாதையாகத்தான் சொன்னான், பாவி.

மாஸ்டரிடம் வந்து சொன்னேன். “போட்டா சம்மதம், போடலன்னா ஆளே இல்ல” என்றார். திருத்திய நெறி அப்படியே நடைமுறைக்கு வந்தது.

எங்கள் சந்தில் பத்தொன்பது வீடு. பதினைந்து கையெழுத்து வேண்டும், வீட்டுக்கு ஒன்று. மாஸ்டர் சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு தானே வீடு வீடாகப் போனார். நான் கூட வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று கையை உதறிவிட்டார்.

எங்கள் வீட்டில் என் புருஷன் வென்-பின் வேனில் பழம் விற்கிறவர். முந்தின நாளே பேச்சை முடித்துவிட்டார். “பட்டை அடிச்சா வேனை எங்க நிறுத்தறது? உன் தலை மேலயா?” எவ்வளவோ மன்றாடினேன். ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கின எனக்கு இந்த ஒரு ஆளிடம் வாங்க முடியவில்லை. நானே போட்டிருக்கலாம். வீட்டில் சண்டைக்குப் பயந்தேன், அதுதான் உண்மை.

மாஸ்டர் எங்கள் வாசலுக்கு வந்தபோது வென்-பின் உள்ளே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுக்காரர் இருக்காரா?”

“இல்லீங்க மாஸ்டர். சந்தைக்குப் போனவர் இன்னும் வரல.”

மாஸ்டர் திரும்பினார். வாசலில் நின்ற எங்கள் வேனில் கோல் இடித்தது. கையை நீட்டி, வேனின் இன்ஜின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார்.

“சூடா இருக்கே” என்றார்.

படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மொத்தம் பத்துப் பேர்தான் போட்டிருந்தார்கள். நாங்கள் போட்டிருந்தாலும் பதினைந்து ஆகியிருக்காது என்று வென்-பின் இன்றைக்கும் சொல்கிறார்.

பதினொரு நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு, எங்கள் வேனைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவுக்கு இறங்கிய மாஸ்டரைச் சாப்பாடு கொண்டுபோகிற ஸ்கூட்டர் ஒன்று அடித்தது. பின்மண்டை தரையில் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. சத்தம் கேட்டு நான் வாசலுக்கு ஓடி வந்தபோது அவர் கோல் வேனுக்கு அடியில் கிடந்தது.

மறுநாளே வென்-பின் வேனை எடுத்துக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் நிறுத்தினார். இப்போதும் அங்கேதான் நிறுத்துகிறார். அது நின்ற இடத்தில் அன்று மத்தியானமே எதிர்வீட்டுக்காரன் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.