எட்டாந்தடவை

"நூத்தி நாப்பத்தொண்டு, நூத்தி நாப்பத்திரெண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஹவ்வா விதை வெங்காயத்தை மணலுக்குள் அமுக்குகிறாள். குறிஞ்சிப்பிட்டியில் காலை ஆறரை மணி. பாத்திக்கு இந்தப் பக்கம் ஏழு பெண்கள், அந்தப் பக்கம் ஆறு பெண்கள். எல்லோர் வாயிலும் ஊர்க்கதை ஓடுகிறது, இவள் வாயில் மட்டும் எண். நடுவில் யாராவது "ராத்தா, நேத்து எங்க போனீங்க?" என்று கேட்டுவிட்டால், மண் ஒட்டிய கையை உயர்த்திப் பொறுக்கச் சொல்வாள். பாத்தி முடிந்த பிறகுதான் பதில் வரும். "இருநூத்திப் பதினாறு. பாலாவிக்குப் போனன் புள்ள, கண்ணாடி மாத்த."

எதை எண்ணுவது, எதை விடுவது என்று இல்லை அவளுக்கு. கறிக்கு எட்டு மிளகாய் என்றால் எட்டுத்தான். ஒன்பதாவது கையோடு வந்துவிட்டால் போத்தலுக்கே திரும்பிப் போகும். பாலாவிச் சந்தியில் பஸ் ஏறினால், உட்காரும் முன் தலைகளை எண்ணி, கேட்காமலே கண்டக்டரிடம் "நாப்பத்தாறு பேர்" என்பாள். ஒரு நோன்பு மாதம் முழுக்கத் தராவீஹ் இரவுத் தொழுகையின்போது இமாம் எத்தனை தரம் இருமினார் என்று திரைக்குப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, பெருநாளன்று மொத்தத்தையும் சொன்னாள். பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் கோபம். இமாமுக்கும்தான்.

"உங்களுக்கு என்ன விசரா ராத்தா?" என்று பக்கத்து வீட்டு நஸ்லியா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எண்ணாட்டித் தொலைஞ்சிடும்" என்றாள் ஹவ்வா. அவ்வளவுதான் விளக்கம்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் மன்னாரைவிட்டு முஸ்லிம் சனம் எல்லாம் போய்விட வேண்டும் என்று இயக்கக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொன்னபோது ஹவ்வாவுக்கு இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஐந்து மாதப் பிள்ளை அர்கம். கரையில் அடிபிடி. புருஷன் முத்தலிபு அவளைப் படகில் தூக்கிவிட்டு, "ஆக்கள எண்ணிக்கிட்டே இரு, ஒண்டும் கொறையப்படாது" என்று சொல்லிவிட்டு அடுத்த படகுக்கு ஓடினான். புத்தளக் கரையிலுள்ள கற்பிட்டி வரைக்கும் அவள் எண்ணினாள். அலையில் படகு தூக்கிப் போடும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ணினாள். இறங்கியபோது முப்பத்தெட்டுப் பேரும் சரியாக இருந்தார்கள். வீடும் ஆடுகளும் அலுமாரியும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்தவையல்ல. அன்றைக்குப் பிடித்த பழக்கம், முத்தலிபு மௌத்தாகி அடக்கம் செய்து பல வருடமாகியும் விடவில்லை.

பழக இனிமையானவள் என்று சொல்ல முடியாது. கலியாண வீட்டில் "சாப்பாடு எப்புடி?" என்று கேட்டால் எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்பார்கள், இவள் "உப்புக் கொறவு" என்பாள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய், "வாப்பாட மூக்குத்தான் வந்திருக்கு, பாவம்" என்று சொல்லிவிட்டு வந்தவள். இதையெல்லாம் உண்மை பேசும் குணம் என்று யாராவது புகழப்போனால் அவளுக்கே எரிச்சல் வரும். "எனக்கு மத்தமாதிரி வராது, அதுதான்." இரக்கமுள்ள பெண் என்று அவளை ஒருத்தர்கூடச் சொன்னதில்லை, ஒரேயொருத்தியைத் தவிர.

இப்போது அர்கம் கத்தாரில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை போன் வரும். "சாப்பிட்டீங்களா?" "ஓம் மகன்." "சரி, வைக்கிறன்." இதற்குமேல் தாய்க்கும் மகனுக்கும் கதை இல்லை. ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஹவ்வாவைத் தெரிந்துகொள்ள முடியாது.

யுத்தம் முடிந்து நாலாவது வருடம். அர்கம் பாலாவியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். கனமூலையில் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கும் றிஸ்மினா என்ற பெண்மேல் மனம் வைத்துவிட்டான். ஜப்பார் ஹாஜியாரின் ஒரே மகள், கடை, தோப்பு, மாடிவீடு என்று விபரம் சொன்னபோது ஹவ்வா சிரித்தாள்.

"அகதிக்குக் கனமூலையான் பொண்ணு தாறானா? பகல்லயே கனாக் காணுறியா மகன்?"

"தாறாங்களாம் உம்மா. நீங்க வந்து கதைச்சாப் போதும்."

புத்தளத்துக்கு வந்து இருபத்திமூன்று வருடமாகியும் கடைக்காரன் முதல் பஸ்காரன் வரை அகதி என்றே கூப்பிட்டுவந்த இடத்தில், உள்ளூர்க்காரன் மகளைத் தருகிறேன் என்கிறான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டினாள். தொதலும் மஸ்கட்டுமாக இனிப்பு வாங்கினாள், துண்டுகளை எண்ணியே தட்டில் அடுக்கினாள். மஸாஹிர் மௌலவியையும் கூட்டிக்கொண்டு கனமூலைக்குப் போனார்கள்.

தேத்தண்ணி கொண்டுவந்தது பெண்ணின் தாய். குனிந்து கோப்பையை நீட்டியபோது இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போன தழும்பு தெரிந்தது. ஹவ்வா முன்பே கண்ட தழும்பு. கனமூலையுமில்லை, கினமூலையுமில்லை. அதே படகில் வந்த றம்லா இவள். இருபது வருடத்தில் கடையும் வைத்து, ஹஜ்ஜும் செய்து, அகதி என்ற பேரையும் உரித்துப் போட்டுவிட்டு உள்ளூர்க்காரர் ஆகிவிட்டார்கள். அப்படியானால் திரைக்குப் பின்னால் நிற்கிற அந்தப் பெண், அன்றைக்குப் படகில் இருபது நாள் பிள்ளையாகக் கிடந்தவள்.

தேத்தண்ணியைக் குடித்தாள். பதினொரு மிடறு. இதை அவளே பிறகு நஸ்லியாவிடம் சொன்னாள். எதிரில் புதுச் சட்டையும் சீவின தலையுமாக மகன் உட்கார்ந்திருந்தான், அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அந்தப் பதினொரு மிடறிலும் விடயத்தையும் சேர்த்து விழுங்கிவிடலாம் என்றுதான் இருந்தாளாம். றம்லாவுக்கு அடையாளம் தெரியாமலிருந்தால் விழுங்கியும் இருப்பாள்.

தெரிந்துவிட்டது. "யா அல்லாஹ்! நீங்க ஹவ்வா ராத்தாதானே?" என்று றம்லா கத்தினாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "இஞ்சாருங்க, நான் சொல்லுவனே, அந்த ராத்தா இவதான்! போட்டில வரக்குள்ள காச்சல்ல எனக்குப் பால் வத்திப்போய்க் கெடக்க, என்ட புள்ளக்குத் தன்ட பாலக் குடுத்த இரக்கமுள்ள மனுசி! அல்லாஹ் எப்புடி முடிச்சுப் போட்டிருக்கான் பாருங்களேன். பால் குடுத்த வீட்டுக்கே மருமகளாப் போறாள்!"

மௌலவியின் கையில் தொதல் துண்டு பாதியில் நின்றது. ஜப்பார் மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அந்த அறையில் மார்க்கம் தெரியாதவர் எவருமில்லை. பால் கொடுத்தவள் தாய். அவள் பெற்ற பிள்ளையும் அவளிடம் குடித்த பிள்ளையும் கூடப்பிறந்தவர்கள், அதாவது நானாவும் தங்கச்சியும். கூடப்பிறந்தவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது. றம்லாவும் மதரஸாவில் ஓதினவள்தான். சந்தோசம் வந்து அவள் மூளையை மூடிவிட்டது. சொல்லி முடித்த பிறகே தன் காதில் விழுந்தது போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒருதரம்... ரெண்டு தரம் இருக்கும்" என்றாள் விரலிடுக்கால்.

மஸாஹிர் மௌலவி நல்ல மனிதர், இரக்கமும் உள்ளவர். "அஞ்சு தடவை வயிறு நிறையக் குடிச்சிருந்தாத்தான் அந்த உறவு வரும்" என்று மெதுவாகச் சொன்னார். "அதுக்குக் கொறவெண்டா, இல்லாட்டி எண்ணிக்கையில சந்தேகமெண்டா, நிக்காஹ் கூடும். சந்தேகமெண்டா. வெளங்குதா ராத்தா? ஒரு கிழமை யோசிச்சுச் சொல்லுங்க." கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வா என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவர் பேச்சு.

இத்தனை வருடத்துக்கு முன்னால் ஒரு குழந்தை எத்தனை தரம் பால் குடித்தது என்று உலகத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் "ஆருக்குத் தெரியும்?" என்பாள். கேள்வி போய் விழுந்த இடம் ஹவ்வா! இமாமின் இருமலை எண்ணுகிறவள்!

அந்தக் கிழமை முழுக்க அவளை யாரும் நிம்மதியாக நட விடவில்லை. தோட்டத்துப் பெண்களுக்கும் கதை எட்டிவிட்டது. "மறந்துபோச்செண்டு சொல்லுங்க ராத்தா, புள்ளைகள் நல்லா இருக்கட்டும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். றம்லா முச்சக்கரவண்டியில் வந்து இறங்கி, வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, அண்டைக்கு என்ட புள்ளட உசிரக் காப்பாத்தினீங்க. இண்டைக்கும் நீங்கதான். என்ட வாயாலதானே கெட்டிச்சி. ஞாபகமில்ல எண்டு ஒரு சொல்லு. எனக்கெண்டாச் சத்தியமா ஞாபகமில்ல."

"உனக்குக் காச்சல்" என்றாள் ஹவ்வா. "எனக்கு இல்லயே."

அர்கம் வேறு விதமாகக் கேட்டான். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்.

"உம்மா, பொய் சொல்லச் சொல்லல்ல நான். சரியாத் தெரியாதெண்டு மட்டும் சொல்லுங்க."

"தெரியுமே மகன்."

"எப்புடி? எப்புடித் தெரியும்? ஆராவது இத எண்ணுவாங்களா? எந்தத் தாய் உம்மா இத எண்ணுவா?"

சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனாள். அடுத்த நாள் பாத்தியில் எழுபதுக்கு மேல் எண் வரவில்லை, மூன்று தரம் முதலிலிருந்து தொடங்கினாள். மகனின் வாழ்க்கை தன் நாக்கு நுனியில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாமலா? ஒரு சொல்லைச் சும்மா விட்டால் போதும். அந்தச் சொல்லைச் சொல்லி இருவரையும் ஒரு வீட்டில் வைத்துவிட்டு, பிறகு அவர்களுக்குப் பிறக்கிற பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதைத்தான் அவள் நினைத்து நினைத்துச் செத்தாள்.

எட்டாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜப்பார் வீட்டில் கூடினார்கள். மௌலவி, ஜப்பார், றம்லா, அர்கம். திரைக்குப் பின்னால் றிஸ்மினா. ஹவ்வா கதிரையில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள்.

"ஏழு."

"ராத்தா, நல்லா யோசிச்சு..." என்றார் மௌலவி.

"போட்டில ரெண்டு தரம். கரையில எறங்கித் தென்னைக்குக் கீழ ஒண்டு. பள்ளிக்கூட விறாந்தையில நாலு. ஏழும் வயிறு நெறையத்தான். குடிச்சிட்டுத் தூங்கிடும்."

ஜப்பாருக்குப் பொறுக்கவில்லை. "இருபத்திமூணு வருசம்! இப்புடி ஒரு ஞாபகமா மனுசருக்கு?"

"இருக்கும் ஹாஜியார். இரக்கத்துல குடுத்தவள் எண்டா மறந்திருப்பாள்." ஹவ்வாவின் குரல் உடைந்தது. "நான் இரக்கத்துல குடுக்கல்ல. சுத்தி நிண்ட பொம்பிளைகள் பாத்துக்கிட்டு நிண்டாங்க, அதால குடுத்தன். மூணு நாளாப் பாணும் பச்சத்தண்ணியும்தான் எனக்கு. இது குடிச்சிட்டுப் போனா, என்ட புள்ள வெறும் முலையில வாயை வெச்சிக்கிட்டுக் கத்துவான். இவன்ட பால் போகுது, இவன்ட பால் போகுதெண்டு ஒவ்வொண்டா எண்ணினன். எட்டாந்தடவை றம்லா புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்தா. நான் முதுகக் காட்டிப் படுத்துக்கிட்டன், நித்திர மாதிரி. ராத்தா, ராத்தா எண்டு கூப்பிட்டா. புள்ள கத்தினது கேட்டிச்சி. நான் எழும்பல்ல."

றம்லாவின் முகம் வெளுத்தது. இத்தனை வருடமும் ஐந்து நேரத் தொழுகையிலும் அவள் துஆவில் சேர்த்து வேண்டிய பெயர் ஹவ்வா. "நீங்க நித்திரை எண்டுதானே ராத்தா நான் நெனச்சன்" என்றாள்.

"முழிச்சிக்கிட்டுத்தான் கெடந்தன்."

மௌலவி கண்ணை மூடித் திறந்தார். "அப்ப கூடாது" என்றார். ஸலாம் சொல்லி எழுந்தார். ஜப்பார் அவரை வழியனுப்பப் படலை வரைக்கும் போனார்.

திரை விலகியது. றிஸ்மினா வெளியே வந்தாள். அழுது முடித்த முகம். கறுப்புப் பர்தாவில் முகம் மட்டும்தான் தெரிந்தது. அர்கம் கதிரையை விட்டு எழுந்தான். அவனை அவள் பார்க்கவில்லை, நேராக ஹவ்வாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமி எண்டு கூப்புடத்தான் இருந்தன். இனி உம்மாதானே நீங்க?"

ஹவ்வா மகனைப் பார்த்தாள்.

"இவரு எனக்கு நானா" என்றாள் றிஸ்மினா. குரலில் நடுக்கமே இல்லை, அதுதான் கேட்கக் கொடுமையாக இருந்தது. "நானாவுக்கு முன்னால தலையை மறைக்கத் தேவல்லயே."

தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோய் ஊசியைக் கழற்றினாள். பர்தாவைப் பிடித்து இழுத்தாள், அது தரையில் விழுந்தது. கொண்டை அவிழ்ந்து முடி முழுக்கத் தோளில் இறங்கியது. அர்கம் அந்த முடியை அதற்கு முன் ஒருநாளும் கண்டதில்லை. இனிப் பார்க்கலாம், மார்க்கத்தில் தடையில்லை. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நெற்றி சுவரில் முட்டி நின்றது, தோள் இரண்டும் குலுங்கின. றம்லா "புள்ள, புள்ள" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெண் அசையவில்லை, அப்படியே நின்றாள்.

ஹவ்வா குனிந்தாள். தரையில் கிடந்த பர்தாவை எடுத்து ஒருதரம் உதறினாள். றிஸ்மினாவின் தலையில் போட்டாள். காதோரம் வெளியே நின்ற முடியை விரலால் உள்ளே தள்ளினாள். அவள் இறுக மூடியிருந்த கையை விரித்து ஊசியை எடுத்து, தாடைக்குக் கீழே, தோலில் படாமல் விரலை உள்ளே கொடுத்துக் குத்திவிட்டாள்.