பதினோரு குரூப்பில் என் மகளின் ஜாதகம்

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். விளாங்குடியில் எங்கள் வீட்டு ஹாலில் மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் மகளுக்குக் கல்யாணத் தேதி குறிக்க வந்திருந்தார்கள். நான் அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

இறங்கியவர்கள் கணவன், மனைவி, அவர்கள் மகன் மூவரும். கையில் பூ, பழம், வெற்றிலை பாக்குத் தட்டு. “சோழவந்தான்ல இருந்து வாரோம். உங்க மககூடத்தான் என் மகன் ரெண்டு மாசமா போன்ல பேசிக்கிட்டு இருக்கான். பொண்ணு பாக்க வாரோம்னா நீங்க தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தீங்க. நல்ல நாளாச்சேன்னு நாங்களே கிளம்பி வந்துட்டோம்” என்றார் அந்த அப்பா, சிரித்த முகமாக.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாலில் சம்பந்தியம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேவிட்டார்.

அந்தப் பையன் போனை நீட்டினான். அதில் என் மகளின் ஜாதகம். நான் அனுப்பியதேதான்! போன் நம்பரை மட்டும் எவனோ மாற்றியிருந்தான்.

இங்கே என் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். மகளின் வயதை அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் இரண்டு வயதைக் குறைத்துச் சொல்கிறவள் நான். அவள் சம்பளத்தைக் கூடப்பிறந்த தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட நான்தான், பிறந்த தேதி, நேரம், வேலை, சம்பளம், வீட்டு விலாசம், மூன்று போட்டோ என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் அடித்து, முகம் தெரியாதவர்கள் இருக்கிற பதினோரு வாட்ஸ்அப் வரன் குரூப்பில் போட்டேன். “விலாசமெல்லாம் எதுக்கும்மா?” என்று மகள் கேட்டாள். “ஆமா, நீ பெரிய கலெக்டரு, தூக்கிட்டுப் போயிருவாய்ங்க” என்று அவள் வாயை அடைத்தேன். வரன் அமைந்த பிறகும் அதை எடுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு மகள் உள்ளிருந்து வந்தாள். “யாரும்மா இவங்க?” என்று அவள் கேட்டதுதான் தாமதம், பையனின் முகம் செத்துப்போனது. “அப்பா, இந்தக் குரல் இல்லப்பா” என்றான்.

அவர்கள் அப்போது என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். இரண்டு மாத ஆசை போயிற்று. அவசரம் என்று அந்தக் குரல் கேட்டு வாங்கிய பணமும் போயிற்று. தெருவில் நின்று கத்தியிருந்தால் என் மகள் கதி என்ன? பையனின் அப்பா கையிலிருந்த தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஹாலுக்குள் போய், என் சம்பந்திகள் முன்னால் கையைக் கூப்பினார்.

“ஏமாந்தது நாங்கதான்யா. இந்தப் புள்ள போட்டோவ வச்சு எவனோ விளையாடிட்டான். அது மேல இம்புட்டுக்கூடத் தப்பு இல்ல. நாளப்பின்ன யாராச்சும் ஒரு சொல்லு சொன்னா என்னையக் கூப்பிடுங்க. எந்தச் சபையிலயும் வந்து சொல்றேன்.”

சம்பந்தியம்மா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “தப்பெல்லாம் எம்மேலதாண்ணே” என்றேன். “விடு தங்கச்சி, நாங்களும் ஒரு குரல நம்பித்தான வந்தோம். முதல்ல தேதியக் குறிங்க” என்றார். அடுப்பில் கேசரி அடிப்பிடித்திருந்தது. அதையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மறுநாள் சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுக்கப் போனபோது அந்தச் சோழவந்தான்காரரும் வந்து எங்களோடு நின்றார். இந்தத் தாளை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அங்கிருந்த பெண் போலீஸ் கேட்டார். குரூப்கள், தரகர்கள், பிரிண்ட் எடுத்த கடை, கல்யாணத் தகவல் மையம் என்று சொல்லச் சொல்ல எனக்கே கூசியது. யாரும் எதையும் திருடவில்லை, எல்லாம் என் கையால் கொடுத்தது.

தை மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்திக்கும் தாம்பூலத்துக்குமான வெற்றிலை முழுவதும் அவருடைய கொடிக்காலிலிருந்துதான் வந்தது. காசு கொடுக்கப்போனால் அடிக்காத குறையாகத் திட்டினார்.

அவர் மகனுக்கு இப்போது நானும் பெண் தேடுகிறேன். ஜாதகத்தை எந்தக் குரூப்பிலும் போடவில்லை. மஞ்சள் தடவிய கவரில் வைத்து, தெரிந்த வீடுகளுக்கு நானே எடுத்துப் போகிறேன். என் மகள் தன் வீட்டுக்கு வரப்போகிறவள் என்று நம்பி வந்த மனிதர், அப்படி இல்லை என்று தெரிந்த அந்த நிமிடத்திலும் அவள் மானத்தைத் தன் வீட்டு மானமாக நினைத்தாரே, அந்த நினைப்போடுதான் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறுகிறேன்.