ஆணியின் இடத்தில் போட்ட போல்ட்

பனி எறியும் இயந்திரத்தின் சுழல் தகட்டை அச்சோடு பிடித்திருப்பது ஒரு மெல்லிய ஆணி. கட்டிப்பனி சிக்கினால் ஆணி உடையும், இயந்திரம் தப்பும். ஒரே மாதத்தில் மூன்று ஆணிகள் உடைந்ததில் எனக்கு எரிச்சல் வந்து, தடித்த இரும்புப் போல்ட் ஒன்றைப் போட்டு இறுக்கினேன். முட்டாள் வேலை.

மனைவி இறந்த பிறகு முதல் தடவையாக, பாலத்துக்கு அக்கரையிலுள்ள லொங்குய்யிலிருந்து மகன் வருவதாகச் சொன்ன ஞாயிறு அது. காலையில் நகரசபை வண்டி தெருப்பனியை என் வாசலில் குவித்துவிட்டுப் போனது. இயந்திரத்தை அதற்குள் தள்ளினேன். பனிக்கட்டி சிக்கியது. போல்ட் உடையவில்லை, பல்சக்கரப் பெட்டிதான் வெடித்தது.

மகன் வந்து கார்க் கண்ணாடியை இறக்கினான்.

“அப்பா, காரை எங்க விடுறது? தெருவில விட்டா, பனி அள்ள வாற நகரசபைக்காரர் இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள்.”

“பத்து நிமிசம் நில். சவளால பனியை வெட்டி அள்ளுறன்.”

“இந்த வயசில வேண்டாம். பேந்து வாறன்.”

“இறங்கி நீ வெட்டன்.”

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ஒரு கார் நுழையும் அகலத்துக்கு வெட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் எடுத்தது. கையுறையைக் கழற்றி அவனைக் கைபேசியில் அழைத்தேன்.

“வெட்டிப்போட்டன். வா.”

“நான் எப்பவோ பாலம் கடந்திட்டன், அப்பா.”