இடது படிக்கட்டு

அந்தத் தையல் ஆலையின் காவலருக்கு ‘மோப்பம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சந்தேகப்படுவதே அவர் பிழைப்பு. மனைவி தனியாகச் சிரித்தால்கூட எதற்கென்று விசாரித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

மாடியிலிருந்து இறங்க இரண்டு படிக்கட்டுகள். மூன்று மாதமாக, சாயங்கால மணி அடித்ததும் இருநூறு பெண்களும் இடது பக்கமாகவே இறங்கினார்கள். வலது பக்கம் ஈ காக்கை இல்லை. அதன் அடியில்தான், காற்று நன்றாக வருகிறதென்று, மோப்பம் தன் நாற்காலியைப் போட்டிருந்தார். யாரும் தூண்டிவிடாமல் இருநூறு பேர் ஒரே பக்கம் போவார்களா? நெரிசலில் துணி கடத்துகிறார்கள் என்றே முடிவுகட்டி மேலாளரிடம் சொன்னார்.

தினமும் முதலில் இறங்கியவள் அவருடைய கொழுந்தியாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடத்தினாள். தூண்டிவிட்டது யாரென்று மேலாளர் கேட்டபோது மோப்பம் உறவு பார்க்கவில்லை. காலையில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தார். மதியமே அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

வாசலில் அவள் நின்றாள். “உங்க நாற்காலி வழியில இருக்கேன்னுதான் மாமா அந்தப் பக்கம் போனேன். மத்தவங்க ஏன் வந்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நன்றாகத்தான் கதை விடுகிறாள் என்று நினைத்தபடி அவர் தன் அறைக்குப் போனார். மேஜையில் சிந்திய சர்க்கரைக்கு எறும்புச் சாரை. எரிச்சலில் நடுவே மூக்குக் கண்ணாடிப் பெட்டியை வைத்தார். முதல் பத்தில் ஆறு இடதாகவும் நாலு வலதாகவும் சுற்றின. அடுத்த பத்தில் எட்டு இடது. அதன்பின் ஒன்று விடாமல் இடதுதான். கூட்டத்துக்குத் தலைவன் எதுவென்று பழக்கதோஷத்தில் தேடினார். முதலில் போனது எப்போதோ பொந்துக்குள் போய்விட்டது. பெட்டியை எடுத்தார். அப்போதும், அங்கே இல்லாத பெட்டியை எறும்புகள் இடதாகச் சுற்றியே போயின.

வலது படிக்கட்டின் அடிக்குப் போனார். நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு மேலாளரிடம் ஓடி, எல்லாவற்றையும் சொன்னார்.

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். “கொழுந்தியாளைக் காப்பாத்த எறும்பைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வர்றீங்களா?”

 மேலாளர் இடத்தில் இருந்திருந்தால் மோப்பமும் அதையேதான் கேட்டிருப்பார்.

மணி அடித்தது. வலது படிக்கட்டில் இப்போது நாற்காலி இல்லை. கூட்டத்தில் அவளும் இல்லை. மற்ற அத்தனை பேரும் இடது பக்கமாகவே இறங்கினார்கள்.