பேச்சியம்மாள் பாடி முடிக்கும்வரை

மலாய் நாட்டு ஜொகூரில், காஹாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பேச்சியம்மாளின் குரலுக்கு இரண்டு வேலைதான் இருந்தது. பிறந்த பிள்ளைக்குத் தாலாட்டு, செத்தவருக்கு ஒப்பாரி. மூன்றாவது வேலையைக் கொடுத்தவர், தோட்டத்துக் கணக்கையும் ஆட்களையும் பார்த்துக்கொண்ட பெரிய கிராணி சிவசம்பு. அந்த நாளை நினைத்து அவர் பிறகு எத்தனை முறை நொந்தாரோ.

அவள் புருஷன் வேலு காய்ச்சலில் செத்தான் என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர். கிராணியால் செத்தான் என்பாள் அவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் காய்ச்சலோடு வந்தவன், கிராணி கடந்தபோது தரையிலிருந்து எழவில்லை. "இருந்தது காணும், இனி நில்" என்று, உட்கார்ந்தது போதும் என்பதைத் தன் ஊர்ப் பேச்சில் சொல்லி, அவர் அவனை வெயிலில் நிறுத்தினார். போதும் ஐயா என்று வேலு கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் அவனை லயத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். மூன்றாம் நாள் ஒப்பாரி.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அவள் கஞ்சி ஆறவேயில்லை.

வெறும் வாத்திய மெட்டாக இருந்த ஜொகூர் அரசுப் பாட்டுக்கு வார்த்தைகள் வந்துவிட்டன என்றும், சுல்தான் பிறந்தநாளுக்குத் தொழிலாளரும் அதைப் பாடவேண்டும் என்றும் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை சொன்னார். பாடும்போது யாரும் உட்காரக் கூடாது, தொப்பியையும் கழற்றவேண்டும். கிராணி மலாய் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தார். குரல் நன்றாயிருந்ததால் பேச்சியம்மாளை முன்னே நிறுத்தினார். அவள் எடுத்துக்கொடுக்க, மற்றப் பெண்கள் பின்பாட்டு. ஒத்திகையில் அவள் துள்ளலாகவே பாடிக் காட்டினாள்.

விழா நாளில் பெரட்டுக் களத்தில் நல்ல வெயில். கிராணிக்கு அப்போது காலில் வாதம். வலது பாதம் பூசணியாக வீங்கியிருந்தது. துரையும் விழாவுக்கு வந்திருந்த மலாய் அதிகாரியும் பாட்டுக்காக எழுந்ததும், தடியை ஊன்றி அவரும் எழுந்தார்.

பேச்சியம்மாள் எடுத்தாள். வார்த்தை அரசுப் பாட்டின் வார்த்தை. நடை வேலுவுக்குப் பாடிய ஒப்பாரியின் நடை. ஒவ்வொரு அடியையும் இழுத்து, கமகம் வைத்து, மூச்சு முட்டும்வரை நிறுத்திப் பாடினாள். பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்களும் இழுத்தார்கள். அதிகாரி அதைப் பக்தி என்று எண்ணிக் கண்ணை மூடினார்.

கிராணியின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. "கெதியா முடி, பேச்சி. எனக்கு ஏலாது" என்று பல்லைக் கடித்து முணுமுணுத்தார். அவள் இன்னும் இழுத்தாள்.

ஒருவழியாகக் கடைசி அடி வந்தது. அவள் நிறுத்தினாள். கிராணி பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் அதே அடியை மறுபடியும் எடுத்தாள். அதிகாரி திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்த துரை, எல்லார் முன்னாலும், "எழுந்து நில்" என்று சிவசம்புவை அதட்டினார்.

கூட்டம் கலைந்தபோது கிராணி அவளைத் தனியே மறித்து, நான் கேட்டது உனக்குக் கேட்கவில்லையா என்றார்.

"கேட்டுச்சு ஐயா. எம் புருசனும் அதத்தான் கேட்டாரு."

அடுத்த வருஷம் கிராணி முந்திக்கொண்டார். பெண்கள் பாட வேண்டாம் என்று துரையிடம் பேசி, காஹாங்கிலிருந்து ஒரு கொம்புக்காரனை வரவழைத்தார். அவன் மடமடவென்று ஊதி முடித்துவிட்டு எச்சிலைத் துடைத்தான். துரை உட்கார்ந்தார், அதிகாரி உட்கார்ந்தார், பாயில் மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள்.

கிராணி உட்காரவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்தபடி பேச்சியம்மாளைப் பார்த்தார்.

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.