கொழகொழன்னு கீது மாப்ள

போன வாரம் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி செத்துப்போனது. காரணம்… சங்கீதம்.

சிரிக்காதீர்கள். கூடச் சேர்ந்து சிரிக்க எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூங்கில்துறைப்பட்டில் கரும்பு போட்டிருக்கும் என் மச்சான் — என் மனைவி செல்வியின் அண்ணன் — பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு வருவார். கறிக்குழம்பு. வெற்றிலை. அப்புறம், இந்தப் பத்தியை நான் தட்டுகிற இதே கம்ப்யூட்டரில் பழைய பாட்டு. அவர் மனைவி இறந்து, பிள்ளைகளும் வெளியூர் போய்விட்ட பிறகு, அவர் யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு நாள்தான். செல்விக்கும் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அந்த அண்ணன் மட்டும்தான்.

மச்சானுக்கு மெட்டெல்லாம் அப்புறம். வார்த்தைதான் முக்கியம். நல்ல வரி வந்தால் தொடையில் தட்டுவார். நாம் பேசிக்கொண்டிருந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் முகத்தைச் சுளித்தார்.

"இன்னா மாப்ள… வார்த்தை கொழகொழன்னு கீது. ஒண்ணும் புரிலிங்களே."

ஒரு மனிதனின் சமையலைக் குறை சொல்லலாம், சம்பளத்தைக் குறை சொல்லலாம். சவுண்டு சிஸ்டத்தைக் குறை சொல்லலாமா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் பாட்டுகள். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும், எங்கெங்கோ டவுன்லோடு செய்ததும் — எல்லாம் கசக்கிப் பிழிந்த எம்பி3. அத்தனையையும் அழித்துவிட்டு, பரண்மேல் கிடந்த சிடிகளை இறக்கித் தூசி தட்டி, சுருக்காத ஃபைலாக ஒவ்வொன்றாக ஏற்றினேன். தும்மல்தான் மிச்சம்.

அடுத்தது கம்ப்யூட்டரின் செட்டிங்ஸ். 'ஒலியை மேம்படுத்துகிறேன்' என்று அதுவாகச் செய்கிற சேட்டைகள் உள்ளே நிறைய உண்டு. எல்லாவற்றையும் அணைத்தேன். ஹெட்ஃபோன் ஓட்டையில் ஒயரைச் சொருகிக் கேட்டால் உள்ளே இருக்கும் மின்சாரச் சந்தடி எல்லாம் பாட்டோடு கலந்து வரும் என்றார்கள். டிஜிட்டலைச் சத்தமாக மாற்றித் தருகிற ஒரு சின்னப் பெட்டியைத் தனியாக வாங்கி யூஎஸ்பியில் மாட்டினேன். ஸ்பீக்கர்களைச் சுவரைவிட்டுத் தள்ளி, காது உயரத்துக்கு இரண்டு ஸ்டூல் போட்டு வைத்தேன். ஹாலில் நடக்க வழியில்லை. செல்வி பக்கவாட்டில் நடந்து பழகிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தால்… 'ஊம்' என்று ஒரு இரைச்சல்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "எர்த் காஞ்சிகீதுங்க சார். குழில உப்புத் தண்ணி ஊத்துங்க, சரியாப்பூடும்" என்றார். எப்போதாவது ஒரு முறை என்ற அர்த்தத்தில் சொல்லியிருப்பார். நானோ தினமும் காலையில் ஒரு பக்கெட் கரைத்து ஊற்றினேன். எர்த் கம்பி புதைத்த குழிக்குப் பக்கத்தில்தான் கறிவேப்பிலைச் செடி இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இரைச்சல் போகவில்லை. கம்ப்யூட்டரை ஒரு சுவரிலும் ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயரை எதிர்ச் சுவரிலும் சொருகியிருந்ததுதான் கோளாறு. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவந்ததும் கப்சிப். கல்வராயன் மலையில் இடி இடித்தாலே கரண்ட் போகிற தெருவில், ஊசி விழுந்தால் கேட்கிற நிசப்தம். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் மச்சானை நடுவில் உட்காரவைத்துக் கேட்பேன்.

"இப்ப எப்டி கீது மச்சான்?"

"நல்லா கீதுங்க மாப்ள."

"போன வாரத்துக்கு இந்த வாரம் வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுது… தெரியுது."

"எந்த எடத்துல?"

அவர் ஜன்னலைப் பார்ப்பார். நான் அதே பாட்டை மறுபடி போடுவேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு மச்சான் வரவில்லை. கரும்பு வெட்டு என்றார். அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கு அடுத்ததும். செல்வி அவருக்கும் சேர்த்துக் குழம்பு வைத்துவிட்டு, திங்கட்கிழமை முழுவதும் அதையே சுடவைத்துச் சாப்பிட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை. இவ்வளவு பாடுபட்டு, உலகத்தரத்துக்குச் சத்தத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்… கேட்க ஆளில்லை.

போன் போட்டேன்.

"ஏன் மச்சான் வரல?"

"ஆங்… சாப்ட்டேன் மாப்ள. நீங்க சாப்டீங்களா?"

"அது இல்ல மச்சான். கோவமா?"

"ஆமா ஆமா. மழ இல்ல. காஞ்சிகினு கெடக்குது."

போனை வைத்துவிட்டு அலுத்துக்கொண்டேன். "மூங்கில்துறைப்பட்டுல டவரே சரியில்ல."

செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் கறிவேப்பிலை இல்லாத தாளிப்புக் கரண்டி.

"டவரு நல்லாத்தான் கீது. எங்க அண்ணனுக்குத்தான் காது கேக்கல."

"உனக்கு எப்ப தெரியும்?"

"பொங்கலுக்கே தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

கேட்கவில்லை. அவளிடம் நான் கேட்கவும் இல்லை, மச்சான் சொன்னது எனக்குக் கேட்கவும் இல்லை. இரண்டுக்கும் தமிழில் ஒரே வார்த்தையை வைத்தவன் என்னை மாதிரி ஒருத்தனைப் பார்த்துத்தான் வைத்திருப்பான்.

"வாரா வாரம் நடுவுல குந்தவச்சி பரீச்சை வெக்கிறீங்க" என்றாள் செல்வி. "மாப்ள இவ்ளோ செலவு பண்ணிகினு கீறாரு, எனக்கு ஒரு எழவு வித்தியாசமும் தெர்ல, பொய் சொல்ல கூச்சமா கீதுன்றாரு. செவுடன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு டாக்டராண்டயும் போமாட்றாரு. இன்னாத்துக்கு வருவாரு இங்க?"

வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டரின் ஒவ்வொரு ஓட்டையிலும் கோளாறு தேடினேன். எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் பாவம், மெஷின்தான் சரியில்லை என்று நம்பப் பார்த்திருக்கிறார். வயதாகிறது என்று ஒப்புக்கொள்வதைவிட ஸ்பீக்கரைக் குறை சொல்வது யாருக்குமே சுலபம்தானே?

ஞாயிறு காலை நானே வண்டியை எடுத்துக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு போனேன். காதைப் பற்றி மூச்சு விடவில்லை. "கறி எடுத்தாச்சு. ஏறுங்க" என்று முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். ஏறிக்கொண்டார்.

சாப்பிட்டோம். நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, இத்தனை நாள் பாடுபட்டுச் சேர்த்த தரத்தை ஒவ்வொன்றாகக் கெடுத்தேன். அணைத்து வைத்திருந்த சேட்டைகளை எல்லாம் ஆன் செய்தேன். பேஸை அடியோடு இறக்கி, ட்ரெபிளை உச்சிக்கு ஏற்றினேன். வால்யூமைத் திருகினேன். ஆடி மாசத்துக் கூம்பு ஸ்பீக்கர் கெட்டது போங்கள்… தகர டப்பாவை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். செல்வி கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சரணம் வந்தது. மச்சான் கை மெல்லத் தொடைக்குப் போனது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். பஞ்சைத் தாண்டி ஒன்றும் காதில் விழவில்லை.

"இன்னா மச்சான்?"

மறுபடி சொன்னார். மறுபடியும் "இன்னா?" என்றேன். எழுந்து வந்து என் தோளைத் தொட்டுக் கத்தினார்.

"கொஞ்சம் கம்மி பண்ணுங்க மாப்ள. ஜாஸ்தியா கீது."

நான் விழித்தேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. பாட்டை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, ஸ்டூலிலிருந்து ஸ்பீக்கரை இறக்கி வைத்துவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னா மாப்ள… காது கேக்கலிங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கோ நிறுத்திக்கொண்டேன்.

"ஆமா மச்சான். கொஞ்ச நாளாவே."

கொல்லைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் — அவர் தணிந்ததாக நினைத்த குரலில் — சொன்னார். "எனக்கும் லேசா அப்டித்தான் கீது. யார்ட்டயும் சொல்லாதீங்க. நம்ம ரெண்டு பேருமா டாக்டராண்ட காட்டிக்கலாம். பயப்படாதீங்க, தொணைக்கு நான் வரேன்."

நாளைக்குப் போகிறோம். பஞ்சை எடுத்துவிட்டுப் போக வேண்டும்… இல்லாவிட்டால் டாக்டர் மச்சான் எதிரிலேயே எடுத்துக் காட்டிவிடுவார்.