எந்த வீட்டுத் துணி

கறம்பக்குடி கடைத்தெருவில் நாகராசு லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுத்து வந்தார். அவரிடம் இருந்தது சாதாரணத் தையல் மிஷின் இல்லை. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களைத் திருச்சியில் ஏலம் விட்டபோது எடுத்தது. கூடாரம் தைத்த மிஷின் என்று சொன்னார்கள். ஊசிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி இருக்கும். எவ்வளவு பெரிய துணியானாலும் சுருட்டி அந்த இடைவெளிக்குள் தள்ளித் தைக்கலாம். தெருவில் அதற்குக் கழுத்து மிஷின் என்று பெயர்.

அவர் மனைவி செவந்தியின் தையல் வேறு மாதிரி. தையல்கடையில் வெட்டி விழும் துண்டுகளைப் பொறுக்கி வந்து ஒன்றோடு ஒன்று சேர்ப்பாள். அடியில் பழஞ்சேலைகளை மடித்து வைத்து, கையாலேயே நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்குவாள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பதில்தான் அவளுக்கு நேரம் போகும். ஊதாவை எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். குழந்தை பிறந்த வீடுகளில் அவள் போர்வையைக் கேட்டு வாங்கினார்கள்.

ஐம்பத்திரண்டாம் வருடம் கார்த்திகையில் அடித்த புயலில் பாதி ஊருக்குக் கூரை போய்விட்டது. நெல்லும் நனைந்தது, படுக்கையும் நனைந்தது. போர்வை கேட்டு வந்தவர்களுக்கு அவள் கை ஈடுகொடுக்கவில்லை.

"இந்த மிஷின்ல தைச்சுப் பாக்கட்டுமாங்க?" என்று கேட்டாள்.

நாகராசு சிரித்தார். "இது தார்ப்பாய் தைக்கிற ஊசி. ஒன் சேலையெல்லாம் சல்லடையாப் போகும்."

"ஊசியை மாத்துனா?"

நாகராசு அடுத்த முறை புதுக்கோட்டைக்குப் போனபோது மெல்லிசு ஊசிகள் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார்.

கற்றுக்கொள்வது நினைத்ததுபோல் இல்லை. மேல்துணி முன்னால் போகும், அடித்துணி பின்தங்கும். தைத்து முடித்துப் பார்த்தால் நடுவில் சுருக்கம் விழுந்து கிடக்கும். பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். ஒருதரம் ஊசி சுட்டுவிரல் நகத்தில் இறங்கிவிட்டது. நாகராசு சக்கரத்தைப் பின்னால் சுற்றி விரலை விடுவித்துக் கட்டுப்போட்டார். "போதும், விடு" என்றார். அவள் விடவில்லை. அடுக்குகளுக்குக் கஞ்சி தடவி, காயவைத்து, பெரிய பெரிய தையலாக முதலில் கையால் பிடித்துக்கொண்டால் துணி நகராது என்பது அவளுக்குத் தானாகவே பிடிபட்டது. சுருட்டிய போர்வையை இவள் இந்தப் பக்கமிருந்து தள்ள, நாகராசு அந்தப் பக்கம் நின்று இழுக்க, நீளமாக வரிசை வரிசையாகத் தையல் ஓடியது. பிள்ளை இல்லாத அந்த இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது. அவள் போர்வைகள் ஆலங்குடி வரை போயின.

நான்கைந்து வருடம் அப்படியே ஓடியது.

பக்கத்துத் தெருவில் செல்லமுத்து என்பவரின் மனைவி சின்னப்பிள்ளை இருந்தாள். செவந்தியும் அவளும் ஒரே ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். தண்ணீருக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் சேர்ந்தே போவார்கள். சின்னப்பிள்ளைக்கு வெகுநாள் கழித்து ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. ராக்கன் என்று பெயர் வைத்தார்கள். பையன் நடக்க ஆரம்பித்ததும் செவந்தி அவனுக்கென்று ஒரு போர்வை தைத்தாள்.

அதற்கு அடியில் வைக்க மெத்தென்ற துணி தேவைப்பட்டது. சந்தையன்று முன்பின் தெரியாத ஒரு பெண் கடைவாசலில் ஒரு மூட்டைப் பழந்துணியை இறக்கி, பதிலுக்கு ஒரு போர்வை வாங்கிக்கொண்டு போயிருந்தாள். அந்த மூட்டையில் நைந்து மிருதுவான ஒரு மஞ்சள் சேலை இருந்தது. செவந்தி அதைக் குளத்தில் அலசிக் காயவைத்து ராக்கனின் போர்வைக்குள் வைத்துத் தைத்தாள்.

பங்குனி வெயிலில் ராக்கனுக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு உடம்பெல்லாம் முத்துப்போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, ஆத்தா வந்திருக்கிறாள் என்றார்கள். செவந்தி வாசலோடு நின்று இளநீர் கொடுத்துவிட்டு வருவாள். ஒருநாள் காலையில் போனபோது உள்ளே சத்தமே இல்லை. செல்லமுத்து வெளியே வந்து தலையை மட்டும் ஆட்டினார். பையன் போய்விட்டான்.

போர்வைப் பேச்சை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. ஆத்தா வந்தாள் என்று சொன்ன அதே வாய்கள், அம்மை கண்ட வீட்டுத் துணியை உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள் என்றும் சொல்லின. செல்லமுத்து அந்தப் போர்வையை எடுத்து வந்து, கடைக்கு எதிரே தெருவில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். எரிந்து முடியும்வரை நின்றிருந்துவிட்டுப் போனார்.

செல்லமுத்து இருந்த தெருவில் போர்வையே வாங்காத இரண்டு வீடுகளிலும் அம்மை கண்டிருந்தது. நாகராசு அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. செவந்திக்கும் அது ஆறுதலாக இல்லை. வீட்டுக்குள் வந்ததும் அவர், "உள்ள வச்சது புதுத்துணின்னு சொல்லிரு. யாரு பாத்தா?" என்றார்.

"நான் பாத்தேன்ல" என்றாள் செவந்தி.

காரியம் முடிந்த மறுநாள் அவள் சின்னப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். சின்னப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்குள்ள வச்ச சேலை எந்த வீட்டுதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் செவந்தி. "குடுத்தவகிட்ட நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

சின்னப்பிள்ளை சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சு வச்சியா?"

"இல்லடி."

"அப்ப அதால வந்துச்சா, இல்லையா?"

"அதும் எனக்குத் தெரியல."

"இல்லைன்னு சொல்லிட்டாவது போயிருக்கலாம்ல நீ" என்றாள் சின்னப்பிள்ளை. "இனிமே இதையும் நான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கணும்."

செவந்தி எழுந்து வந்துவிட்டாள். சொன்னது சரியா, பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றிவிட்டோமா என்பது அவளுக்கு விளங்கவில்லை. அந்த மூட்டையைக் கொடுத்தவளைச் சந்தைக்குச் சந்தை தேடினாள். முகமே சரியாக நினைவில் இல்லை. அவள் வரவும் இல்லை.

மிச்சமிருந்த துண்டுகளையெல்லாம் நாகராசு கொண்டுபோய் எரித்தார். செவந்தி போர்வை தைப்பதை விட்டாள். கழுத்து மிஷினில் தார்ப்பாய் தைத்தாள். நாகராசுக்கு மூட்டுவலி வந்து பெடல் மிதிக்க முடியாமல் போனபோது முழுவேலையும் அவளுடையதானது. தார் வாடையும் காக்கி நிறமுமாக நாட்கள் போயின. வண்ணத் துணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நாகராசு சொல்வார். தண்ணீருக்கு அவள் தனியாகப் போய் வந்தாள்.

அறுபத்து மூன்றாம் வருடம் அம்மைத் தடுப்பு குத்துகிறவர்கள் ஊருக்கு வந்தார்கள். இவர்கள் பக்கம் வந்தவர் முத்துராமன் என்று ஒருவர், காரைக்குடிப் பக்கத்துக்காரர். அவரைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளைக் கொல்லைப்பக்கமாக ஒளித்தார்கள். குத்தினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்றார்கள். செவந்தி மிஷினை நிறுத்திவிட்டு அவரோடு கிளம்பினாள்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த அலைச்சல்?" என்று கேட்டார் அவர்.

"வீடு காட்ட ஆளு வேணும்ல" என்றாள்.

கதவுகள் மூடின. துணியில அம்மையைக் கொண்டாந்தவ இப்ப ஊசியில கொண்டாரா என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். செவந்தி அடுத்த வீட்டுக்கு நடந்தாள். சின்னப்பிள்ளை வீடு வந்ததும் அவள் கால் தயங்கியது. முத்துராமனை முன்னே விட்டு ஒதுங்கி நின்றாள்.

சின்னப்பிள்ளை வெளியே வந்தாள். இடுப்பில் பெண்குழந்தை இருந்தது. ராக்கனுக்குப் பிறகு பிறந்தவள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சின்னப்பிள்ளை முத்துராமனைப் பார்க்காமல் செவந்தியைப் பார்த்துக் கேட்டாள்:

"இது நல்லதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"இது தெரியும். கேட்டுட்டேன். நானும் குத்திக்கிட்டேன்."

செவந்தி தன் கையில் அம்மை குத்திய காயத்தைக் காட்டினாள். சின்னப்பிள்ளை குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு குழந்தையை இறக்கி, அதன் கையைத் தானே பிடித்து நீட்டினாள். குழந்தை வீரிட்டு அழுதது. அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளைகளைக் கூட்டி வந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் பாதிக்கு மேல் குத்தி முடித்தார்கள்.

அதற்குப் பின் செவந்தி மறுபடி கொஞ்சமாகப் போர்வை தைத்தாள். கொடுத்தவர் பெயர் தெரிந்த துணியை மட்டும் எடுத்தாள். அதையும் வெள்ளாவியில் வைத்து அவித்த பிறகே மிஷின் பக்கம் கொண்டுவந்தாள். முன்போல நிறம் பார்த்து உட்காருவது குறைந்துவிட்டது. குழந்தைகளுக்கென்று கேட்டால் மட்டும் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்பாள்.

சின்னப்பிள்ளை அவளிடம் போர்வை எதுவும் வாங்கவில்லை. செவந்தியும் கொடுக்கப் போகவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாச்சா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டு அவரவர் வழியில் போவார்கள்.